கரும்புகை விடும் பழைய டீசல் பர்னர்: மாற்றுவதா, சரிசெய்வதா?

கானாடுகாத்தான் பக்கத்தில் தாத்தா காலத்து வீட்டைச் செப்பனிட்டு எட்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறீர்கள். பின்கட்டில் இருக்கும் வெந்நீர் பாய்லருக்கு இருபது வருடப் பழைய டீசல் பர்னர். விடிகாலையில் முதல் தடவை பற்றும்போது குப்பென்று கரும்புகை வருகிறது. பத்து நிமிடம் ஓடிவிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டு நின்றுவிடுகிறது. பட்டனை அமுக்கினால் சில நேரம் உடனே பற்றுகிறது, சில நேரம் நாலைந்து தடவை அமுக்க வேண்டியிருக்கிறது. போன வருடத்தைவிட டீசல் கூடுதலாகக் குடிக்கிறது. வந்து பார்த்த மெக்கானிக் பர்னரையே மாற்றச் சொல்லிவிட்டார். கடைசியில், பர்னருக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் காற்றுத் திருகை எந்தப் பக்கம் திருப்பினால் புகை நிற்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதியதை இரண்டு தடவை படித்ததில், நீங்கள் கேட்க வந்தது வேறு என்று எனக்குப் படுகிறது. இந்தப் பர்னர் ஆயுள் முடிந்ததா, இல்லை கவனிப்பார் இல்லாமல் படுத்துக் கிடக்கிறதா? அதைத் தெரிந்துகொள்ள உங்கள் கையால் எதுவரை செய்யலாம்? இந்த இரண்டுக்கும்தான் பதில் எழுதுகிறேன். காற்றுத் திருகு கடைசியில் வரும்.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் இருபத்தெட்டு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். புதுவயல் அரிசி ஆலைகளில் பாய்லர் நிறைய உண்டு, ஆனால் அங்கே எரிவது உமி. டீசல் பர்னர் என்றால் பேக்கரி ஓவன்கள், ஆஸ்பத்திரி சலவைக் கூடம், லாட்ஜ் வெந்நீர், கொஞ்ச காலமாக உங்களைப் போல விடுதியாக மாறிய பெரிய வீடுகள். எங்கே போனாலும் பர்னர் ஒன்றுதான். மோட்டார் ஒரு பக்கம் காற்றாடியைச் சுற்றும், இன்னொரு பக்கம் பம்பைச் சுற்றும். பம்பு டீசலை அழுத்தி, ஊசிமுனை அளவு துளை உள்ள நாசில் வழியாகப் பனிமூட்டம் போலத் தூவும். டிரான்ஸ்பார்மர் பத்தாயிரம் வோல்ட்டில் இரண்டு எலக்ட்ரோடுகளுக்கு நடுவே பொறி விடும். தீ பிடித்ததா என்று போட்டோசெல் பார்க்கும். தீ தெரியவில்லை என்றால் கண்ட்ரோல் பாக்ஸ் சில விநாடிகளில் எல்லாவற்றையும் நிறுத்தி, சிவப்பு விளக்கைப் போட்டுவிடும். இதைத்தான் ட்ரிப் ஆகிவிட்டது என்கிறோம்.

எதற்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதியதில் என்னைப் பயமுறுத்தியது அதுதான். சிவப்புப் பட்டனை நாலைந்து தடவை அமுக்குவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும், தீ பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், சில விநாடிகளுக்கு நாசில் டீசலைத் தூவுகிறது. பற்றாத டீசல் எரியறையின் செங்கல்லில் ஊறித் தேங்குகிறது. ஐந்தாவது தடவை பொறி பிடித்தால் அந்தத் தடவைக்கான டீசல் மட்டும் எரியாது, முந்தைய நாலு தடவை தூவியதும் சேர்ந்து ஒரே நேரத்தில் பற்றும். தேவகோட்டைப் பக்கம் ஒரு விடுதியில் இரவுக் காவலர் ஒருவர் விருந்தாளிகளுக்கு வெந்நீர் வேண்டுமே என்ற அக்கறையில் ஏழு தடவை அமுக்கியிருக்கிறார். முன்கதவு தாழ்ப்பாளோடு பிய்த்துக்கொண்டு எதிர்ச் சுவரில் போய் விழுந்தது. அவர் பக்கவாட்டில் நின்றதால் புருவமும் கைமுடியும் கருகியதோடு தப்பினார். ஆகவே ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். அப்படியும் பற்றவில்லை என்றால் மெயின் சுவிட்சை அணையுங்கள், டீசல் வால்வை மூடுங்கள், எரியறைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் பளபளவென்று ஈரம் தெரிந்தால், அது காயும்வரை, இல்லை துடைத்து எடுக்கும்வரை பர்னரைத் தொடக் கூடாது.

சரி, இப்போது கோளாறு. பத்து நிமிடம் ஓடி நிற்கிறது என்கிறீர்கள். அது நிற்கும் அந்த நொடியில் என்ன நடந்தது என்று யாராவது பார்த்தார்களா? பார்வைக் கண்ணாடி வழியாகத் தீயைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் உட்காருங்கள். இரண்டில் ஒன்று நடக்கும். தீ முதலில் தானாகத் தடுமாறி, இரண்டு மூன்று தடவை பொக் பொக் என்று குதித்து அணைந்து, அதற்கப்புறம் சிவப்பு விளக்கு வந்தால் டீசல் வரத்தில் கோளாறு. சில கண்ட்ரோல் பாக்ஸ்கள் அந்த நிலையில் ஒரு தடவை தானே மறுபடி பற்றவைக்க முயன்றுவிட்டு அப்புறம்தான் பூட்டிக்கொள்ளும். மாறாக, தீ நன்றாகத்தான் எரிந்தது, பட்டென்று நின்றது என்றால் டீசலில் குறையில்லை. போட்டோசெல்லுக்குக் கண் தெரியவில்லை, அல்லது டீசல் வழியைத் திறந்து மூடும் மின்காந்த வால்வின் (சொலினாய்டு) கம்பிச் சுருள் சூடேறி விட்டுவிடுகிறது, அல்லது மின்சாரம் இறங்குகிறது. இந்த ஒரு கவனிப்பு பாதி வேலையை மிச்சப்படுத்தும். நான் எந்தப் புது இடத்துக்குப் போனாலும் ஸ்பேனர் எடுப்பதற்கு முன் முக்காலி கேட்பது இதற்காகத்தான்.

டீசலில் இருந்து தொடங்குவோம். உங்கள் தொழில் கார்த்திகையிலிருந்து மாசிவரைதான் சூடு பிடிக்கும் என்று நினைக்கிறேன். சித்திரை, வைகாசியில் பாய்லர் சும்மா இருக்கும், டேங்க் பாதி காலியாக இருக்கும். டேங்கின் காலி இடத்தில் இருக்கும் காற்று பகலில் விரிந்து இரவில் சுருங்கும்போது வெளி ஈரத்தை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் தகரத்தில் வியர்த்து வழிந்து அடியில் சேரும். டீசலைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியிலேயே தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து, கறுப்பாகக் கோழை மாதிரி ஒரு கசடு உண்டாகும். இதைப் பார்க்க ஒரு கண்ணாடி பாட்டில் போதும். டேங்கின் அடி வால்விலிருந்து அரை லிட்டர் பிடித்து, வெளிச்சம் படும் ஜன்னலில் இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் முழுக்க ஒரே நிறமாகத் தெளிவாக இருந்தால் நல்லது. அடியில் ஒரு விரல்கடை நிறமில்லாத அடுக்கும், அதன் மேல் கறுப்புத் தோல் மாதிரி ஒரு படலமும் நின்றால், உங்கள் ஃபில்டர் எந்த நிலையில் இருக்கும் என்று பிரித்துப் பார்க்காமலே சொல்லலாம். டேங்கைச் சுத்தம் செய்து, ஃபில்டரை மாற்றி, பம்பின் மூடிக்குள் இருக்கும் சிறிய சல்லடையையும் கழுவுங்கள். அந்தச் சல்லடையைப் பல மெக்கானிக்குகள் மறந்துவிடுகிறார்கள். மார்கழிக் குளிரில் டீசல் உறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நம் ஊர்க் குளிருக்கு அது நடக்காது.

அடுத்து, டேங்கிலிருந்து பம்புவரை வரும் செம்புக் குழாய். டேங்க் பர்னரைவிடத் தாழ்வாக இருந்தால் பம்பு உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். உறிஞ்சும் குழாயில் மயிரிழை அளவு சந்து இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் எவ்வளவு துடைத்துப் பார்த்தாலும் கசிவு கண்ணில் படாது. பம்பு கரகரவென்று கத்தும், தீ குதிக்கும், நிறுத்தியபின்னும் நாசிலில் இருந்து ஓரிரு சொட்டு விழுந்து மஞ்சளாக எரியும். காலையில் முதல் தடவை குப்பென்று புகை வருவதற்கு இந்தச் சொட்டு ஒரு காரணமாக இருக்கலாம். இரவு முழுக்க எரியறையில் இறங்கிய டீசலும் சேர்ந்து பற்றுகிறதே! பம்புக்கு முன்னால் ஒரு முழம் ஒளி ஊடுருவும் குழாயைத் தற்காலிகமாகப் போட்டு ஓட்டினால் குமிழி தெரிந்துவிடும். பம்பின் உறிஞ்சு பக்கம், இழுவையை அளக்கும் வேக்கம் கேஜ் மாட்டிப் பார்த்தால் 0.4 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேல் போகக் கூடாது. போனால் வழியில் எங்கோ அடைப்பு, இல்லை குழாய் மெல்லியது. இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால் கழற்றி எறியுங்கள். செம்புக் குழாயின் ஃப்ளேர் இணைப்புக்கு, அதாவது குழாயின் வாயை விரித்து இறுக்கும் இணைப்புக்கு, டேப்பே தேவையில்லை, அதிலிருந்து பிய்ந்த நார்தான் கடைசியில் நாசில் துளையில் போய் உட்காரும்.

மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே கட்டைவிரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் கப்ளிங் இருக்கும். அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு முனையிலும் பல் வெட்டியிருக்கும். இருபது வருடத்தில் அந்தப் பல் தேய்ந்து, சாப்பிட்டு முடித்த மக்காச்சோளக் கட்டை மாதிரி ஆகிவிடும். குளிர்ந்திருக்கும்போது பிடிக்கும், சூடேறி இளகியதும் வழுக்கும். மோட்டார் ஓடும் சத்தம் வழக்கம் போலக் கேட்கும், காற்று வரும், பொறி வரும், டீசல் மட்டும் வராது. அந்தக் கப்ளிங்கை மாற்றப் புது மோட்டார் விலையில் சின்ன பங்குகூட ஆகாது. இது தெரியாமல் பம்பை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

நாசிலுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியிலேயே பதில் பாதி கிடந்தது இங்கேதான். நாசிலில் 1.25, 80 என்று பொறித்திருப்பதாகவும், பாய்லர் தகட்டில் மணிக்கு 30,000 கிலோ கலோரி என்று இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 1.25 என்பது மணிக்கு எத்தனை அமெரிக்க கேலன் என்ற அளவு, அதுவும் 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில், அதாவது ஏறக்குறைய 7 பாரில். ஒரு அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். ஆக 7 பாரில் மணிக்கு 4.7 லிட்டர். அழுத்தம் கூடினால் டீசலும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் அல்ல, வர்க்கமூல விகிதத்தில். பெரும்பாலான ஐரோப்பிய பர்னர்களில் பம்பை 10 பாருக்கு மேல்தான் வைப்பார்கள். 10 பார் என்றே வைத்தால் மணிக்கு 5.6 லிட்டர். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 8,700 கிலோ கலோரி என்றால், உங்கள் பர்னர் மணிக்கு 49,000 கிலோ கலோரி உள்ளே தள்ளுகிறது. 30,000 கொடுக்க வேண்டிய பாய்லருக்கு, நூற்றுக்கு 85 தேறும் என்று வைத்தாலும், 35,000 தான் தேவை. தேவைக்கு மேல் ஏறக்குறைய நாற்பது சதவீதம். இவ்வளவு டீசலுக்கு வேண்டிய காற்றை அந்தக் காற்றாடி கொடுக்க முடியாமல் போகலாம், கொடுத்தாலும் அந்தத் தீக்கு எரியறையில் இடமில்லை. வெந்நீர் சீக்கிரம் வரட்டும் என்று யாரோ ஒரு சீசனில் பெரிய நாசிலைப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

80 என்பது தூவும் கோணம். எரியறை குட்டையாக, அகலமாக இருந்தால் அந்தக் கோணம் பொருந்தும். நீளமாக, குழாய் மாதிரி இருந்தால் தூவல் பக்கச் சுவரில் மோதும், மோதிய இடத்தில் டீசல் குளிர்ந்து எரியாமல் கரியாகப் படியும். அந்த அமைப்புக்கு 60 அல்லது 45 வேண்டும். உங்களுடையது எந்த வடிவம் என்று நீங்கள் அனுப்பிய படத்தில் தெரியவில்லை, அதனால் கோணத்தைப் பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன். அளவைப் பற்றிச் சொல்வேன். கேஜ் மாட்டி அழுத்தத்தைப் பாருங்கள். 10 பார் என்றால் 0.85, 8 பார் என்றால் 1.00. கணக்கு அங்கேதான் போய் நிற்கிறது. பர்னரோடு வந்த புத்தகம் கிடைத்தால் அதிலுள்ள கோணத்தையும் அழுத்தத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பர்னரின் எரியும் தலைக்கு எது பொருந்தும் என்பது செய்தவருக்குத்தான் தெரியும்.

நாசிலைக் கழற்றும்போது ஒரு நிமிடம் அதன் முகத்தைப் பாருங்கள். நல்ல நாசிலின் முகம் பித்தளை நிறம் கொஞ்சம் மங்கி, உலர்ந்து இருக்கும். சொட்டும் நாசிலின் முகத்தில் துளையைச் சுற்றிக் கரி கெட்டியாக மொட்டு விட்டிருக்கும், ஒரு பக்கம் கூடுதலாக. அந்தப் பக்கம் தூவல் கோணலாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். ஊசியால் குத்திச் சுத்தம் செய்யாதீர்கள். துளையின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தாலும் தூவல் கெட்டுவிடும். வருடத்துக்கு ஒரு புது நாசில் போடுங்கள், சீசன் தொடங்குவதற்கு முன்னால். பழையதைச் சேமிப்பதில் மிச்சம் ஒன்றும் இல்லை, டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டி விற்கும்போது சுத்தமாக இல்லை.

எலக்ட்ரோடு, போட்டோசெல் இரண்டும் சுலபம். மெயினை அணைத்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும், பத்தாயிரம் வோல்ட் என்று முன்னமே சொன்னேன். ஸ்க்ரூ டிரைவரைக் காட்டிப் பொறி பார்ப்பது நம் ஊரில் பலருக்குப் பழக்கம், அதைச் செய்யாதீர்கள். இரண்டு முனைக்கும் நடுவே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி, முனைகள் நாசில் முகத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஆனால் தூவலுக்குள் நுழையாமல். நுழைந்தால் டீசல் பட்டுக் கரி கட்டிப் பாலம் போட்டுவிடும், பொறி அந்தக் கரி வழியாக ஓடிவிடும். பீங்கானில் விரிசல் இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். போட்டோசெல்லை உருவி, மெல்லிய துணியால் கண்ணைத் துடையுங்கள். தீ நன்றாக எரியும்போதே பட்டென்று நிற்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதன் மேல் படிந்த புகையைத்தான். உங்கள் விஷயத்தில் பெரிய நாசில் புகை விடுகிறது, புகை கண்ணை மறைக்கிறது, கண் மறைந்ததால் ட்ரிப் ஆகிறது என்று ஒரே சங்கிலியாகவும் இருக்கலாம். அந்தச் சங்கிலியில் போட்டோசெல்லை மட்டும் துடைத்தால் ஒரு வாரம் ஓடும், மறுபடி நிற்கும். மின்சாரத்தையும் பார்த்துவிடுங்கள். சாயங்காலம் எல்லா அறையிலும் ஏசி ஓடும்போது பர்னரில் எத்தனை வோல்ட் வருகிறது? 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் மோட்டார் முழு வேகம் எடுக்காது, சொலினாய்டு முழுதாகத் திறக்காது.

இப்போது புகைக்குழாய். செட்டிநாட்டு வீடுகளில் நான் அதிகம் மல்லுக்கு நின்றது இதோடுதான், வெளியூர்ப் பர்னர்க்காரர்கள் கவனிக்காததும் இதைத்தான். முகப்பிலிருந்து வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வீடு நீண்டுகொண்டே போகும். ஓட்டுக் கூரையின் முகடு நல்ல உயரம். பாய்லரைப் பின்கட்டில் ஒரு தகரக் கொட்டகையில் வைப்பார்கள். புகைக்குழாயை வீட்டின் அழகு கெடக் கூடாது என்று கொட்டகைக்கு மேல் நாலடி விட்டு நிறுத்திவிடுவார்கள். அது வீட்டு முகட்டைவிட எவ்வளவோ தாழ்வு. ஆடி மாதம் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும் காற்று அந்த உயரக் கூரையில் ஏறி மறுபக்கம் சரிந்து இறங்கும்போது புகைக்குழாயின் வாயில் நேரே உள்ளே தள்ளும். புகை வெளியேற வழியில்லாமல் தீ மூச்சு முட்டும், கரி கட்டும், கொட்டகைக்குள் நாற்றம் வரும். ஆடி போனதும் தானே சரியாகும். அடுத்த ஆடியில் மறுபடி வரும். நான் தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், பள்ளத்தூரில் ஒரு வீட்டில் இதே மாதிரி புகைக்குக் காற்றைக் கூட்டி வைத்துவிட்டு வந்தேன். ஐந்து நாளில் ஆச்சி ஆள் அனுப்பினார்கள். போனால் புகை அப்படியே. இந்தத் தடவை குழாயைக் கழற்றினேன். வளைவில் புறாக் கூடு, குச்சியும் இறகும் முழங்கை நீளத்துக்கு. நான் காற்றைக் கூட்டியதால் அடைப்பு இன்னும் மோசமாக வேலை காட்டியிருக்கிறது. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, காபி கொடுக்கச் சொன்னார்கள். அன்றிலிருந்து குழாயைக் கழற்றிப் பார்க்காமல் திருகைத் தொட்டதில்லை.

ஆகவே குழாயைக் கழற்றுங்கள், உள்ளே பாருங்கள், வாயில் பறவை நுழையாத கம்பி வலையும் மூடியும் போடுங்கள், முடிந்தால் முகட்டுக்கு மேல் இரண்டடி உயர்த்துங்கள். குழாய் தேக்கு உத்திரத்துக்கோ கைமரத்துக்கோ பக்கத்தில் போனால் நடுவே நல்ல இடைவெளியும் வெப்பம் தாங்கும் உறையும் கட்டாயம் வேண்டும். நூறு வருடம் உலர்ந்த பர்மாத் தேக்கு அது, ஒரு தடவை பிடித்தால் விடாது. கொட்டகைக்குக் கீழேயும் மேலேயும் நிரந்தரமாகத் திறந்த காற்றுத் துவாரம் இருக்க வேண்டும். பக்கத்து அடுப்படியில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் அதை ஓடவிட்டுப் பாருங்கள், அது பாய்லரின் புகையை வீட்டுக்குள் இழுக்கலாம். அறைகளில் டீசல் வாடை வருகிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. வாடை வரும் வழியில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் வரும், அதற்கு வாடையே கிடையாது. ஆட்கள் தூங்கும் அறைக்கும் பாய்லருக்கும் நடுவே ஜன்னல் இருந்தால், கோளாறு தீரும்வரை அந்த ஜன்னலை மூடி வையுங்கள், அந்த அறையை யாருக்கும் தங்க விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. இன்றே வாங்கி மாட்டுங்கள்.

எரியறையையும் குழாய்களையும் பிரஷ் போட்டுக் கரியை எடுப்பது அடுத்தது. பாய்லர் ஆறியபின், மூக்கு வாயை மூடிக்கொண்டு, உலர்வாகவே எடுங்கள். கரி பறக்கும். உங்கள் சுவர் பழைய சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் முதலில் துணியால் மூடுங்கள், அதில் ஏறிய கரியைத் தேய்த்தால் பளபளப்பு போய்விடும், கரி போகாது. தண்ணீர் பக்கமும் கவனியுங்கள். போர் தண்ணீர் என்றால் உப்பு அடி பிடித்திருக்கும். உள்ளே உப்பு, வெளியே கரி என்றால் தீயின் சூடு தண்ணீருக்குப் போகாமல் புகைக்குழாயில்தான் போகும். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்குக் கீழே இறக்க வேண்டாம். கீழே இறக்கினால் புகையில் இருக்கும் நீராவி உள்ளேயே வியர்த்து இரும்பை அரிக்கும்.

இவ்வளவும் முடிந்தபின்தான் காற்றுத் திருகு. இதைக் கண்ணால் வைக்கலாமா என்றால், தற்காலிகமாக வைக்கலாம். தீயின் நுனி புகையாமல் இளமஞ்சளாக, அடங்கி இருக்க வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் நுனி கறுத்தால் காற்று குறைவு. வெள்ளை வெளேரென்று, சீறிக்கொண்டு, பிடிப்பு விட்டு ஆடினால் காற்று அதிகம். ஆனால் கண் ஏமாற்றும். புகை தெரியாத தீயிலும் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். நான் எத்தனை வருடம் பார்த்தாலும் கருவி இல்லாமல் வேலையை முடித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். புகைக்குழாயில் ஒரு சிறு துளை போட்டு, பர்னர் கால் மணி நேரம் ஓடிச் சூடேறியதும், முதலில் புகைப் பம்பால் பத்துத் தடவை இழுத்து வெள்ளைத் தாளில் கறை பார்ப்போம். அதற்கு 0 முதல் 9 வரை ஒரு அட்டை உண்டு. 0 இல்லை 1 வர வேண்டும். அப்புறம், புகையில் எந்த வாயு எவ்வளவு என்று காட்டும் கேஸ் அனலைசர். புகைக்கறை மறையும் இடத்தில் கார்பன் டை ஆக்சைடு 13 சதவீதம் என்று காட்டினால், இன்னும் கொஞ்சம் காற்று திறந்து 12-இல் நிறுத்துவேன். ஆக்சிஜன் அப்போது நாலரையிலிருந்து ஐந்து இருக்கும். அந்த ஒரு சதவீதம் ஆடிக் காற்றுக்கும், தூசி ஏறும் காற்றாடிக்கும், அடுத்த சீசன் டீசலுக்கும் விட்டுவைக்கும் இடம். கார்பன் மோனாக்சைடு 100 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 100 பங்குக்குக் கீழே வர வேண்டும், நல்ல பர்னரில் 50-ஐத் தாண்டாது. புகையின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்வதற்கு முன் 320 டிகிரி இருந்து, பின் 210-க்கு இறங்கினால் டீசலில் ஐந்து சதவீதம் மிச்சம். ஒவ்வொரு 22 டிகிரிக்கும் ஏறக்குறைய ஒரு சதவீதம் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. வேலை முடிந்ததும் எல்லா எண்ணையும் தேதி போட்டு ஒரு அட்டையில் எழுதி பர்னர் பக்கத்திலேயே தொங்கவிடச் சொல்லுங்கள். அடுத்த தடவை வருபவர் இருட்டில் தொடங்க வேண்டியதில்லை.

பர்னரை மாற்ற வேண்டுமா? நீங்கள் எழுதியதை வைத்து நான் உறுதியாகச் சொல்வது மூன்று. நாசில் அந்தப் பாய்லருக்குப் பெரியது. பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்குவது ஆபத்து. அறைக்குள் வாடை வருவதற்குப் புகை வெளியேறும் வழியைப் பார்த்தே ஆக வேண்டும். பத்து நிமிடத்தில் நிற்பதற்குப் போட்டோசெல்லா, காற்றுக் கசிவா, கப்ளிங்கா என்பது தீ எப்படி அணைகிறது என்று தெரிந்தால்தான் சொல்லலாம். மெக்கானிக் சொன்னது தப்பு என்றும் நான் சொல்லவில்லை. பம்பு அழுத்தத்தைத் திருகினாலும் ஏறாமல் போனால், எரியும் தலையின் தகடு வெந்து வளைந்திருந்தால், கண்ட்ரோல் பாக்ஸுக்கு மாற்று கிடைக்காவிட்டால் புதியது வாங்குவதுதான் சரி. அவர் கேஜ் மாட்டிப் பார்த்தாரா, அனலைசர் கொண்டு வந்தாரா என்று மட்டும் கேளுங்கள். பழையதின் மேல் மாட்டாத கேஜைப் புதியதின் மேலும் மாட்ட மாட்டார், இதே நாசில் கணக்கு தப்பு புதுப் பர்னரிலும் வரும். இன்னொன்று: 100 டிகிரிக்குக் கீழே தண்ணீரை மட்டும் சூடாக்கும் உங்களுடையது போன்ற கலன் பாய்லர் சட்டத்தின் வரையறைக்குள் வராது. அதாவது எந்த இன்ஸ்பெக்டரும் வருடா வருடம் வந்து பார்க்க மாட்டார். சேஃப்டி வால்வு வேலை செய்கிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்புதான்.

நாளைக்கே மச்சில் சோலார் வெந்நீர் வைக்க இடம் இருந்தால் யோசித்துப் பாருங்கள். ஓட்டுக் கூரையின் மேல் வேண்டாம், அந்தக் கைமரம் அந்தப் பாரத்துக்குப் போட்டதில்லை. தளம் போட்ட பகுதியில் வைத்தால் நம் ஊர் வெயிலுக்கு வருடத்தில் பெரும்பாலான நாள் பாய்லர் பற்றவே வேண்டியிருக்காது. மழைக்காலத்துக்கும் நிறை விருந்துக்கும் இந்தப் பழைய பர்னர் போதும், அதற்கு 0.85 நாசிலே தாராளம்.

முதலில் பாட்டிலில் டீசல் பிடித்து வையுங்கள். ஒரு நாள் காலை பார்வைக் கண்ணாடி முன் உட்காருங்கள். பின் மெயினை அணைத்து, போட்டோசெல்லைத் துடைத்து, கப்ளிங்கைக் கழற்றிப் பாருங்கள். இதுவரை நீங்களே செய்யலாம். நாசில், அழுத்தம், காற்று மூன்றுக்கும் கருவி வைத்திருப்பவரை வரவழையுங்கள். தீ தானாக அணைந்ததா, பட்டென்று நின்றதா, பம்பு அழுத்தம் எத்தனை பார், புகைக்குழாய் முகட்டுக்கு எத்தனை அடி கீழே நிற்கிறது என்ற மூன்றையும் எழுதுங்கள். எரியறையின் நீள அகலத்தையும் டேப் வைத்து அளந்து அனுப்பினால் நாசில் கோணத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.